காதில் விழுந்தும் கேட்காதவை

இந்த அரங்கில் மின்விசிறிகள் ஓடும் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா? நான் சொன்னதும் கேட்கிறது, இல்லையா? வந்து உட்கார்ந்ததிலிருந்து அது உங்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தச் சின்ன விஷயத்தை வைத்துத்தான் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ், இங்கிலாந்தின் ஜான் லாக்கோடு மல்லுக்கு நின்றார்.

பிறக்கும்போது மனம் எழுதாத தாள் என்பது லாக்கின் கட்சி. பிறவியிலேயே அறிவு உண்டென்றால் கைக்குழந்தைக்கும் அது தெரிய வேண்டுமே? மனத்தில் இருக்கிறது, ஆனால் மனத்துக்கே தெரியாது என்றால் அது என்ன பேச்சு?

லைப்னிட்ஸ் அங்கேதான் கை வைத்தார். மனத்தில் இருப்பதெல்லாம் தெரிந்தாக வேண்டுமா என்ன? கடற்கரையில் நில்லுங்கள். ஒரே இரைச்சல். தனித்தனி அலையைப் பிரித்துக் கேட்க முடியாது. ஆனாலும் ஒவ்வொன்றும் துளியளவாவது காதில் பட்டிருக்க வேண்டும். லட்சம் பூஜ்யங்களைக் கூட்டினாலும் பூஜ்யம்தானே!

அப்புறம் அவருடைய பளிங்கு உவமை. மனம் வரியோடிய பளிங்கு. அந்த வரிகள் கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸின் உருவத்துக்கு இசைவாக ஓடுகின்றன. உருவம் உள்ளே இருக்கிறது, ஆனாலும் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். எனக்கு இதில் முழுத் திருப்தியில்லை. உளி வெளியிலிருந்து வருகிறது. அவருடைய சொந்தத் தத்துவத்திலோ மனத்துக்கு ஜன்னலே கிடையாது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழைய முடியாது. ஊரார் பேசும் பாணியில் பேசுகிறேன் என்று அவரே சொல்லிவிடுவதால் விட்டுவிடலாம்.

சரி, பிறவி அறிவு எதற்குத் தேவை? இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பகல் போய் இரவு வரும் என்று கிரேக்கரும் ரோமரும் காலங்காலமாகப் பார்த்தார்கள். ஆர்க்டிக்கிலுள்ள நோவயா செம்ல்யா தீவுகளுக்குப் போனால் அது பொய்த்துவிடுகிறது, கோடையில் அங்கே பல நாள் சூரியன் மறைவதே இல்லை. எத்தனை முறை கண்ணால் கண்டாலும் ‘இப்படித்தான் இருந்தாக வேண்டும்’ என்ற உறுதி வராது. கணிதத்தில் அந்த உறுதி இருக்கிறது. அப்படியானால் அது புலன்வழி வந்ததல்ல என்பது அவர் வாதம். புலன்களில் முதலில் இல்லாதது அறிவில் இல்லை என்ற பழைய வாக்கியத்தோடு ‘அறிவைத் தவிர’ என்று ஒரு வால் சேர்த்தார்.

லைப்னிட்ஸ் முன்பு எழுதிய சில குறிப்புகள் லாக்கின் கைக்குப் போயிருந்தன. அவர் பெரிதாக மதிக்கவில்லை. அதன்பின் பதிலை முழுப் புத்தகமாக, இருவர் உரையாடலாக எழுதிக்கொண்டிருந்தபோது, 1704-இல் லாக் இறந்துபோனார். இனி பதில் சொல்ல முடியாதவரோடு எப்படி வாதாடுவது? லைப்னிட்ஸ் கையெழுத்துப் பிரதியைக் கட்டி வைத்துவிட்டார். 1716-இல் அவரும் போனார். புத்தகம் அச்சேறியது 1765-இல்.