ஓட்டைக் காலணாவும் உலகப் போரும்

நேயர்களுக்கு வணக்கம்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தபோது, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாகவே பொருள் கொள்ளப்பட்டது. இங்கே எவரும் கேட்கப்படவில்லை. 1939 செப்டம்பர் 3ஆம் நாள் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்களையோ சட்டமன்றத்தையோ கலந்துகொள்ளாமல், நாடு போரில் இருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்து மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவையும் விலகியது. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதும், ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்ததும் ஐரோப்பாவுக்குக் காரணங்களாக இருக்கலாம். இந்தியாவுக்கு இருந்த காரணம் அது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது என்பது மட்டுமே.

முதற்போரில் ஏறத்தாழ 13 லட்சம் பேரும், இரண்டாம் போரில் ஏறத்தாழ 25 லட்சம் பேரும் இந்தியாவிலிருந்து பணியாற்றினார்கள். முறையே 74,000 பேரும் 87,000 பேரும் உயிர் துறந்தார்கள். பிரான்ஸ், மெசபடோமியா, இத்தாலி, கோஹிமா என்று அவர்கள் நின்ற களங்களைப் பற்றி இவ்வானொலியில் பலர் பேசியிருக்கிறார்கள். நான் பழைய நாணயங்களைச் சேர்ப்பவன். ஆகவே இப்போர்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான விடை நம் வீட்டுப் பெரியவர்களின் சுருக்குப் பையில் இருந்தது.

முதற்போருக்கு முன்பு ரூபாய் என்றால் வெள்ளி ரூபாய்தான். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி கொண்ட அந்த நாணயத்தைக் கல்லில் தட்டி ஓசை கேட்டுத்தான் வாங்குவார்கள். போர் வந்ததும் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறியது. ரூபாயைச் செலவழிப்பதைவிட உருக்குவதே லாபம் என்ற நிலை வந்தது. அதனால்தான் 1917ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு ரூபாய் நோட்டும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டரை ரூபாய் நோட்டும் வெளிவந்தன. ஆம், இரண்டரை ரூபாய்க்கு ஒரு நோட்டு இருந்தது. மக்கள் காகிதத்தை எளிதில் நம்பவில்லை. 1918 மார்ச் மாதத்தில் ஜெர்மானியர் பிரான்சில் பெருந்தாக்குதல் தொடுத்த செய்தி வந்தவுடன், நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டு அரசின் நாணய அலுவலகங்களில் கூட்டம் நெருங்கியது. கையிருப்பு வெள்ளி தீரும் நிலைக்கு வந்தது.

அப்போது கைகொடுத்தது அமெரிக்கா. அந்நாட்டுக் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களை உருக்கி விற்பதற்கு, நெவாடா மாநிலத்து செனட் உறுப்பினர் பிட்மன் பெயரால் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 25 கோடிக்கும் மேற்பட்ட டாலர் நாணயங்கள் உருகி, அவுன்ஸ் ஒரு டாலர் விலையில் இந்தியாவுக்காக விற்கப்பட்டு, இங்கே ரூபாயாக மறுபிறவி எடுத்தன. உருக்கிய அளவுக்கு அதே விலையில் அமெரிக்கச் சுரங்கங்களிடமிருந்து வெள்ளியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அச்சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். நெவாடா வெள்ளிச் சுரங்கங்கள் மிகுந்த மாநிலம் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

அதே 1917ஆம் ஆண்டில், வெள்ளிக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருந்த இந்நாட்டின் சார்பில் அரசு பிரிட்டனுக்கு 10 கோடி பவுண்டு வழங்கியது. அன்றைய இந்திய அரசின் ஓராண்டு வருவாய்க்கு ஏறத்தாழ நிகரான அத்தொகை, கடன் அன்று; அன்பளிப்பு. போர்க்கடன் பத்திரங்களை விற்றும் வரிகளைக் கூட்டியும் அதற்கான பணம் திரட்டப்பட்டது.

இரண்டாம் போருக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நாணயம் வருகிறது. 1943இல் வெளிவந்த ஓட்டைக் காலணாவை, அதாவது ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு மதிப்புள்ள காசை, உங்களில் மூத்தவர்கள் கையாண்டிருப்பீர்கள். நடுவே பெரிய வட்டத் துளை, மேலே ஒரு மகுடம், அவ்வளவுதான். மன்னரின் தலைக்கு அதில் இடம் இல்லை. எடையோ பழைய காலணாவில் பாதிக்கும் குறைவு. செம்பு தோட்டா உறைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் தேவைப்பட்டதால், காசின் நடுவிலிருந்தே உலோகத்தை மிச்சம் பிடித்தார்கள். குழந்தைகளின் அரைஞாணில் அதைக் கோத்துவிட்டவர்கள் உண்டு. வண்டியின் திருகாணிக்கு அடியில் வாஷராகப் போட்டவர்களும் உண்டு. கடையில் வாஷர் வாங்குவதைவிட அது மலிவாக இருந்திருக்கும்.

சில்லறைப் பஞ்சம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தேவைக்கு மேல் சில்லறை சேர்த்து வைப்பது 1940ஆம் ஆண்டிலேயே இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றமாக்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் வெள்ளி ரூபாயில் வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. முன்பு நிறுத்தப்பட்டிருந்த ஒரு ரூபாய் நோட்டும் திரும்பி வந்தது. விக்டோரியா காலத்து ரூபாய்கள் தொடங்கிப் பழைய வெள்ளி ரூபாய்கள் படிப்படியாகச் செல்லாதவை ஆயின. சில சமஸ்தானங்கள் காசுக்குப் பதிலாக அட்டைக் கூப்பன்களை வெளியிட்டன. காசு சேர்ப்பவனுக்கு இக்காலம் ஒரு விருந்து என்பதைச் சற்று வெட்கத்துடன்தான் சொல்கிறேன், ஏனெனில் அதே காலத்தில் மக்கள் பசியில் கிடந்தார்கள்.

காசு சுருங்கியது, நோட்டோ பெருகியது. அதன் காரணத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். 1939 நவம்பர் மாதத்தில் இரு அரசுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புச் செலவு போக, வெளிநாடுகளில் போரிடும் இந்தியப் படைக்கும் பிரிட்டனுக்காக இங்கே வாங்கப்படும் பொருள்களுக்கும் ஆன செலவின் பெரும்பகுதியைப் பிரிட்டன் ஏற்றது. நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் அப்பணம் ரிசர்வ் வங்கியின் லண்டன் கணக்கில் பவுண்டாக வரவு வைக்கப்பட்டது. அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சிடப்பட்டது. மீண்டும் சொல்கிறேன்: துணியும் தானியமும் சணலும் இங்கிருந்து அன்றே போயின, அவற்றுக்கான விலை லண்டனில் எழுத்தாக நின்றது, இங்கே மிஞ்சியது காகிதம். புழக்கத்திலிருந்த நோட்டு போர் முடிவதற்குள் ஆறு மடங்கு அளவுக்குப் பெருகியது. மொத்த விற்பனை விலைகள் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆயின. விலைவாசி ஏற்றம், யாரும் சட்டமாக்காமலேயே ஏழையிடம் வசூலிக்கப்பட்ட வரி என்பது என் உறுதியான கருத்து.

1942 மார்ச் மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. தென்னிந்தியக் குடும்பங்கள் உட்பட லட்சக்கணக்கானோர் அங்கிருந்து காட்டு வழியே நடந்து வந்தார்கள். அடுத்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சம். அரசு நியமித்த விசாரணைக் குழுவே 15 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். பர்மா அரிசி வராததை மட்டும் காரணம் காட்டுவது போதாது. போர் வேலையில் கூலி பெற்ற நகரத்தான் வாங்க முடிந்த விலைக்கு, கிராமத்துக் கூலியாளால் அரிசி வாங்க முடியவில்லை.

லண்டன் கணக்கில் நின்ற தொகை போர் முடிந்தபோது ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. இடையில் 30 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட நம் பழைய கடனும் தீர்ந்துவிட்டது. காலமெல்லாம் கடன்பட்ட நாடு கடன் கொடுத்த நாடாயிற்று. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்ற இடத்தில், போருக்குப் பிந்தைய உலக நாணய ஏற்பாட்டை வகுக்க 44 நாடுகள் கூடிய மாநாட்டுக்கு, கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும், அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சிந்தாமன் தேஷ்முக்கும், பம்பாயின் தொழில்துறைப் பிரமுகர் ஏ. டி. ஷ்ராஃபும் இந்தியக் குழுவில் சென்றிருந்தார்கள். இந்தப் பவுண்டுகளில் ஒரு பகுதியையாவது வேறு நாணயமாக மாற்றித் தர வழி செய்யுங்கள் என்று கேட்டார்கள். வங்கியில் பத்து லட்சம் டாலர் இருந்தும் டாக்சிக் கூலிக்குக் கையில் காசில்லாதவன் நிலையில் எங்களை வைக்கிறீர்களே என்று ஷ்ராஃப் வாதாடினார். பிரிட்டனின் சார்பில் வந்திருந்த பொருளாதார அறிஞர் கெயின்ஸ், கடனை நேர்மையாகத் தீர்ப்போம் என்று உறுதி கூறினார். ஆனால் மாநாடு அதைத் தன் பொறுப்பாக ஏற்கவில்லை.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போவதாக நிலைய அன்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார். போர்க்காலக் கறுப்புப் பணத்தைப் பிடிக்க 1946 ஜனவரியில் 500 ரூபாய்க்கும் அதற்கு மேற்பட்ட மதிப்புக்குமான நோட்டுகள் செல்லாதவை ஆன கதையை விட்டுவிட்டு நேரே முடிவுக்குச் செல்கிறேன். விடுதலைக்குப் பின் நிதியமைச்சரான அதே சண்முகம் செட்டியார் 1948இல் லண்டன் சென்று இந்தப் பவுண்டுகளைப் பற்றிப் பேசினார். பிரிட்டிஷ் படை இங்கே விட்டுச்சென்ற தளவாடங்களுக்காக ஏறத்தாழ 10 கோடி பவுண்டு கழிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கு வேறு பெருந்தொகை போயிற்று. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு டாலருக்கு எதிராக 30 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தபோது, மிச்சத்தின் வாங்கும் திறனும் அமெரிக்கச் சந்தையில் வீழ்ந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதியில் கரைந்தது. 1958 ஆகஸ்டில் இந்தியாவுக்குக் கடன் கொடுக்க உலக வங்கி கூட்டிய நாடுகளுள் பிரிட்டனும் ஒன்று. வணக்கம்.