சீனாவின் போக்குவரத்து ஹெலிகாப்டர்களும் பன்னாட்டுக் கூட்டுறவும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆட்களையும் சரக்கையும் சுமந்து செல்லும் ஹெலிகாப்டர்களைச் சீனா எவ்வாறு உருவாக்கிக்கொண்டது, அந்த முயற்சியில் பிற நாடுகள் எந்த அளவுக்குக் கைகொடுத்தன, எந்த இடத்தில் கையை இழுத்துக்கொண்டன என்பது பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஹெலிகாப்டர் என்றதும் போர்க்களம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் மலையும் பீடபூமியும் மிகுந்த ஒரு நாட்டில், சாலை அறுந்துபோன நாளில் மருந்தையும் மருத்துவரையும் கொண்டு சேர்க்க வேறு வழி இல்லை என்பதால், இந்தப் பொருளை ஆயுதக் கணக்காக மட்டும் பார்ப்பது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

2008ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் சிச்சுவான் மாகாணத்தில் வென்சுவான் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 69,000 பேர் உயிரிழந்தனர். மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்து ஆறுகளை மறித்ததால் ஆங்காங்கே புதிய ஏரிகள் உண்டாயின. அவற்றுள் மிகவும் அச்சுறுத்தியது பெய்சுவான் நகருக்கு மேலே தேங்கிய தாங்ஜியாஷான் ஏரி. அந்த மண் தடுப்பு திடீரென்று உடைந்திருந்தால், கீழே வாழ்ந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெள்ளத்தில் சிக்கியிருப்பார்கள். கால்வாய் வெட்டி நீரை மெல்ல வடிப்பதற்கு மண் தோண்டும் இயந்திரங்களும் புல்டோசர்களும் தேவைப்பட்டன; அவை செல்லச் சாலை இல்லை. ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-26 ஹெலிகாப்டர்தான் அந்தக் கனத்த இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு போய் மலைமேல் இறக்கியது. ஏரி நீர் ஜூன் மாதத்தில் பாதுகாப்பாக வடிக்கப்பட்டது. அன்று சீனாவே கட்டிய ஹெலிகாப்டர் எதற்கும் அவ்வளவு பெரிய சுமையைத் தூக்கும் வலிமை இல்லை. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஹெலிகாப்டர் கட்டத் தொடங்கிவிட்ட நாடு அது என்பதை நினைத்தால், இடர்ப்பாடு எங்கே இருந்தது என்ற கேள்வி எழுகிறது.

என் பார்வையில் அந்த இடர்ப்பாடு பெரும்பாலும் இரண்டு உறுப்புகளில் அடங்கியிருக்கிறது. ஒன்று என்ஜின், மற்றொன்று, என்ஜினின் ஆற்றலை மேலே சுழலும் இறக்கைகளுக்குக் கொண்டு செல்லும் கியர்பாக்ஸ். என்ஜினுக்குள் இருக்கும் டர்பைன் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. மேலே உள்ள பெரிய சுழலியோ சில நூறு சுற்றுகள்தான் சுற்றும். எம்ஐ-26 போன்ற பெரிய ஹெலிகாப்டரில் அது நிமிடத்துக்கு 132 சுற்று மட்டுமே. ஒவ்வொன்றும் 11,400 குதிரைத்திறன் கொண்ட இரண்டு என்ஜின்களின் ஆற்றலை வாங்கி, அந்த வேகத்துக்குத் தணித்துக் கொடுக்க வேண்டியது கியர்பாக்ஸின் வேலை. விமானத்துக்கு ஒரு என்ஜின் நின்றாலும் இறக்கை இருக்கிறது. ஹெலிகாப்டரில் என்ஜினுக்கு மாற்றாக இன்னொரு என்ஜின் வைக்கலாம். முதன்மைக் கியர்பாக்ஸுக்கு மாற்று வைக்க முடியாது. ஆகவே அதன் எஃகு உருக்கப்படும் விதம், பற்களின் மேற்பரப்பு கடினமாக்கப்படும் விதம், எண்ணெய் வற்றினாலும் சிறிது நேரமாவது தாக்குப்பிடிக்கும் அமைப்பு ஆகியவை பல்லாண்டுச் சோதனைகளால் மட்டுமே கைவருபவை. வரைபடத்தை வாங்கிவிட்டால் வடிவம் கிடைத்துவிடும். இந்த அறிவு அதோடு சேர்ந்து வராது. கூட்டுறவில் பங்காளிகள் எதை முதலில் தருகிறார்கள், எதைக் கடைசிவரை தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனித்தால், இந்த இரண்டு உறுப்புகள்தான் எப்போதும் கடைசியில் நிற்கும்.

தொடக்கம் சோவியத் உதவியில் அமைந்தது. எம்ஐ-4 ஹெலிகாப்டரின் சீன வடிவமான இசட்-5, ஹார்பின் நகரத் தொழிற்சாலையில் உருவாகி 1958 டிசம்பரில் பறந்தது. அதன்பின் இரு நாடுகளின் உறவு முறிந்தது. சோவியத் வல்லுநர்கள் 1960இல் திரும்பிச் சென்றனர். இசட்-5 உற்பத்தி எழுபதுகளின் இறுதிவரை நீடித்தாலும், பிஸ்டன் என்ஜினிலிருந்து டர்பைன் என்ஜினுக்கு மாற எடுத்த சொந்த முயற்சி உற்பத்தி அளவுக்கு வளரவில்லை.

அடுத்த கட்டம் பிரான்சோடு தொடங்குகிறது. எழுபதுகளின் நடுவில் சூப்பர் ஃப்ரெலான் என்னும் மூன்று என்ஜின் கொண்ட பெரிய ஹெலிகாப்டர்களைச் சீனா விலைக்கு வாங்கியது. இங்கே ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். இந்தப் பிரெஞ்சு ஹெலிகாப்டரே தனி ஒரு நாட்டின் படைப்பு அன்று. அதன் சுழலி அமைப்புக்கு அமெரிக்காவின் சிக்கோர்ஸ்கி நிறுவனம் தொழில்நுட்ப உதவி செய்தது. கியர்பாக்ஸுக்கு இத்தாலியின் ஃபியட் துணை நின்றது. வல்லரசுகளே பிறர் தோளைப் பற்றிக்கொண்டுதான் இத்துறையில் நடந்தன என்பதற்கு இது நல்ல சான்று.

சூப்பர் ஃப்ரெலானை முன்மாதிரியாகக் கொண்டு இசட்-8 ஹெலிகாப்டரை உருவாக்கும் பணி, ஜியாங்சி மாகாணத்து ஜிங்டெசென் நகரில் உள்ள சாங்ஹெ தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது. பல நூற்றாண்டுகளாகப் பீங்கானுக்குப் பெயர்பெற்ற அதே ஊர்தான் இன்று சீன ஹெலிகாப்டர் ஆராய்ச்சியின் தலைமையிடமாகவும் விளங்குகிறது. 1976இல் தொடங்கிய பணி இடையில் நிறுத்தப்பட்டு, எண்பதுகளில் மீண்டும் உயிர்பெற்று, 1985 டிசம்பர் 11ஆம் நாள்தான் இசட்-8 முதன்முதலாகப் பறந்தது. உடற்கூட்டைக் கட்டிவிட்டார்கள், பிரெஞ்சு நிறுவனமான டர்போமெக்காவின் டர்மோ என்ஜினையும் உள்நாட்டிலேயே செய்துவிட்டார்கள். ஆனால் அது அறுபதுகளின் தொழில்நுட்பம். அதனால் பின்னாளில் இசட்-8எஃப் என்னும் மேம்பட்ட வடிவத்துக்குக் கனடாவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்து என்ஜினை நாட வேண்டியிருந்தது. அதே கனடிய என்ஜின்கள் மூன்றைப் பொருத்தி, 13.8 டன் எடையில் 27 பயணிகளை ஏற்றக்கூடிய குடிமைப் பயன்பாட்டு ஹெலிகாப்டராக ஏசி313 உருவாகி, 2010 மார்ச் 18ஆம் நாள் பறந்தது. சோதனையில் 8,000 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டியது. காற்று மெலிந்த உயரத்தில் என்ஜினும் திறன் இழக்கும், சுழலியும் தூக்கு விசை இழக்கும் என்பதால், சராசரியாக 4,000 மீட்டருக்கு மேல் அமைந்த திபெத்தியப் பீடபூமியில் பயன்படும் எதற்கும் இது உயிர்நாடியான தேவை.

பீடபூமிக்கென்று 1984இல் சீனா அமெரிக்காவிடம் 24 சிக்கோர்ஸ்கி எஸ்-70சி ஹெலிகாப்டர்களை வாங்கியது. அவை நன்றாகவே உழைத்தன. ஆனால் 1989ஆம் ஆண்டு பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் நடந்த போராட்டம் உயிரிழப்புகளோடு ஒடுக்கப்பட்ட பிறகு அமெரிக்கா விதித்த தடைகளால் உதிரிப்பாகம் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. தடைக்கான காரணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அந்த உயிரிழப்புகள் உலகின் மனச்சாட்சியை உலுக்கியவை. ஆயினும் வாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதே பழைய ஹெலிகாப்டர்கள்தாம் வென்சுவான் மீட்புப் பணியிலும் பறந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முழுப் பொருளாக வாங்குவதில் இருக்கும் அபாயம் இதுவே. அதே அளவிலான இசட்-20 ஹெலிகாப்டரைச் சீனா 2013இல் பறக்கவிட்டபோது, அது தன் நாட்டு என்ஜினோடு வர வேண்டும் என்று ஏன் விரும்பியது என்பது இதிலிருந்து விளங்கும்.

உண்மையான கூட்டுறவு என்று நான் மதிப்பது, வரைபலகைக் கட்டத்திலேயே இரு தரப்பும் பணத்தையும் உழைப்பையும் போட்டு, ஆதாயத்தையும் இழப்பையும் பகிர்ந்துகொள்வது. அதன் முதல் வடிவம் இசி120 என்னும் சிறிய ஹெலிகாப்டர். ஐரோப்பிய ஹெலிகாப்டர் நிறுவனமான யூரோகாப்டர் 61 விழுக்காடு, சீனத் தரப்பு 24 விழுக்காடு, சிங்கப்பூர் டெக்னாலஜீஸ் 15 விழுக்காடு என்ற பங்கீட்டில் அது உருவாகி, 1995 ஜூன் மாதம் பறந்தது. சிக்கோர்ஸ்கியின் எஸ்-92 திட்டத்தில் ஜிங்டெசென் தொழிற்சாலை வால்பகுதிக்கும், தைவான் நிறுவனம் விமானி அறைக்கும் பொறுப்பேற்றன. கடலின் இரு கரையும் ஒரே ஹெலிகாப்டரில் சேர்ந்த அரிய நிகழ்வு அது.

இவற்றையெல்லாம்விட நான் மிகவும் மதிப்பது 2005 டிசம்பரில் யூரோகாப்டரும் சீனாவும் கையெழுத்திட்ட உடன்பாட்டை. செலவிலும் உழைப்பிலும் சரிபாதி என்ற அடிப்படையில், ஏழு டன் வகையைச் சேர்ந்த, 16 பேர் செல்லக்கூடிய ஹெலிகாப்டரை இரு தரப்பும் சேர்ந்து வடிவமைத்தன. உடற்கூடு ஹார்பினில், முதன்மைக் கியர்பாக்ஸும் மின்னணுக் கருவிகளும் ஐரோப்பாவில். ஐரோப்பிய வடிவமான இசி175, பிரான்சின் மாரிஞான் நகரில் 2009 டிசம்பரில் பறந்து, 2014இல் சான்றிதழ் பெற்று, இன்று எச்175 என்ற பெயரில் வட கடல் எண்ணெய்த் தளங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்கிறது. சீன வடிவமான ஏசி352 பறந்தது 2016 டிசம்பரில்தான். ஒரே உடற்கூடு; இடையே ஏழு ஆண்டு. ஐரோப்பியர் சந்தையில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்த கனடிய என்ஜின் வரிசையைத் தேர்ந்துகொண்டனர். சீனர்களோ பிரான்சின் டர்போமெக்காவோடு சேர்ந்து புதிய என்ஜினையே உருவாக்கும் நீண்ட வழியில் இறங்கினர். ஆர்டிடென் 3சி என்றும், சீனாவில் டபிள்யூஇசட்-16 என்றும் வழங்கும் அந்த என்ஜினுக்கு 2018இல் ஐரோப்பியச் சான்றும் 2019இல் சீனச் சான்றும் கிடைத்தன. ஏசி352க்கு 2022இல் கிடைத்தது. தாமதம் என்று பலர் குறை சொன்னார்கள். ஆனால் இரண்டு தரப்புச் சான்றளிப்பு அமைப்புகளின் கேள்விகளுக்கும் விடை சொல்லி, சோதனை மேடையில் கற்றுக்கொண்ட அந்த ஆண்டுகள்தான் இந்தக் கூட்டுறவின் விலைமதிப்பற்ற பகுதி என்று நான் நினைக்கிறேன். நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இதே ஆர்டிடென் குடும்பத்தின் 1எச் என்ஜினை டர்போமெக்காவோடு சேர்ந்து உருவாக்கியது பெங்களூரின் எச்ஏஎல் நிறுவனம். சக்தி என்ற பெயரில் துருவ் ஹெலிகாப்டரை இமயத்தின் உயரங்களுக்குக் கொண்டு செல்வது அதுதான்.

கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனம் தந்த என்ஜின்களும் அவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளும் சீனாவின் இசட்-10 தாக்குதல் ஹெலிகாப்டரின் உருவாக்கத்துக்குப் பயன்பட்டது தொடர்பாக, 2012 ஜூன் மாதம் அந்நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தாய் நிறுவனத்தையும் சேர்த்து 7.5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த நேர்ந்தது. குடிமைப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்றும் வரும் என்ற எதிர்பார்ப்பு அந்த வணிகத்தின் பின்னணியில் இருந்தது. இப்படி ஒரு நிகழ்வு நடந்த பிறகு, நேர்மையாகக் குடிமை ஹெலிகாப்டருக்கு என்ஜின் கேட்பவரும் ஐயத்தோடுதான் பார்க்கப்படுவார். அந்த இழப்பு பணத்தைவிடப் பெரியது.

கனரக ஹெலிகாப்டருக்கு வருவோம். சீனாவும் ரஷ்யாவும் இதற்கான பேச்சைப் பல ஆண்டுகள் நடத்தி, 2016 ஜூனில் அரசுகளுக்கிடையே உடன்பாடு செய்துகொண்டன. திட்டமிட்ட எடை 38 டன். உள்ளே 10 டன், கயிற்றில் தொங்கவிட்டால் 15 டன் சுமை. எம்ஐ-26ஐவிடச் சிறியது என்றாலும், தாங்ஜியாஷான் போன்ற மலைப்பகுதிக்குப் பொருத்தமான அளவு. வடிவமைப்பும் கட்டுமானமும் சீனாவின் பொறுப்பு. ரஷ்யாவிடம் கேட்கப்பட்டவை ஆற்றல் கடத்தும் அமைப்பு, வால் சுழலி, பனி உறைவதைத் தடுக்கும் அமைப்பு. அறுபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் பட்டியலின் தலைப்பில் நிற்பது கியர்பாக்ஸ்தான்.

என்ஜின் கதை இதைவிடச் சிக்கலானது. எம்ஐ-26இன் என்ஜினைச் செய்தது ரஷ்யா அன்று. உக்ரைனின் சப்போரிச்சியா நகரில் உள்ள மோட்டார் சிச் ஆலை. அந்த ஆலையின் பங்குகளைச் சீன முதலீட்டாளர்கள் வாங்க முயன்றபோது, அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவிக்க, 2021இல் உக்ரைன் அரசு அதைத் தடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே போர் மூண்டது. இன்று அந்த வழி அடைபட்டுள்ள நிலையில், இவ்வளவு பெரிய என்ஜினைச் சீனா பெரும்பாலும் தன் ஆலைகளிலேயே செய்தாக வேண்டும். கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, போரிலும் தடைகளிலும் சிக்கியுள்ள ரஷ்யத் தொழில்துறையால் உரிய காலத்தில் தர முடியுமா என்பதைப் பொறுத்தே இந்தத் திட்டத்தின் வேகம் அமையும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.