கதவைத் தட்டியது யார்?

விழாத் தலைவர் அவர்களே, இந்த அம்பாசமுத்திரம் நூலகத்துக்காக ஓயாமல் உழைக்கும் நூலகர் அவர்களே, கல்லிடைக்குறிச்சியிலிருந்து வெயிலில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அய்யா அவர்களே, போன கூட்டத்தில் எனக்குத் துண்டு போர்த்திய அண்ணாச்சி அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அமானுஷ்ய அனுபவங்கள் மறுமைக்குச் சாட்சி ஆகுமா? பேயைக் கண்டவர்கள், செத்துப் பிழைத்தவர்கள், முற்பிறவி சொல்லும் பிள்ளைகள் என்று மூன்றையும் பேச வந்திருக்கிறேன். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழியிலேயே முதலாவது பாதி முடிந்துவிடும்.

எங்கள் தாத்தா இறந்து பதினாறு கழியவில்லை. ராத்திரி புறவாசல் கதவில் டொக், டொக், டொக். வயலிலிருந்து வந்தால் தாத்தா கம்பால் அப்படித்தான் தட்டுவார். "அப்பா வந்துட்டாவ, கதவத் தொறங்க" என்று அத்தை அழுகிறாள். திறக்க ஆளில்லை. சித்தப்பா "யாரு?" என்றார். சத்தம் நின்றது. அப்புறம் மறுபடியும் டொக், டொக். அம்மா எங்கள் எல்லாருக்கும் திருநீறு பூசினாள். கடைசியில் பக்கத்து வீட்டு மாமா டார்ச்சோடு சுற்றி வந்து பார்த்தால், தாத்தா வளர்த்த நாய்! கதவை ஒட்டிப் படுத்து உண்ணிக்கடியைச் சொறிகிறது, பின்னங்கால் பலகையில் இடிக்கிறது. குரல் கேட்டதும் காதை நிமிர்த்திச் சொறிவதை நிறுத்தியிருக்கிறது.

அத்தையின் கண்ணீர் பொய்யில்லை. அவள் கேட்ட சத்தமும் நிஜம். அதற்குச் சொன்ன காரணம்தான் நிற்கவில்லை.

சரி, செத்துப் பிழைத்தவர்கள். இதயம் நின்றுபோன 2060 பேரை வைத்து மருத்துவர் சாம் பார்னியா குழுவினர் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. உடம்பை விட்டு மேலே மிதந்து பார்த்ததாகச் சிலர் சொல்வார்கள் அல்லவா, அப்படி மிதப்பவர் கண்ணில் மட்டும் படும்படி, உயரப் பலகைகளில் படங்களை வைத்திருந்தார்கள். படத்தைச் சொன்னவர் ஒருவருமில்லை. சுற்றிலும் நடந்ததைச் சரியாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் கிடந்த இடத்தில் பலகையே இல்லை. இதை வைத்து எப்படித் தீர்ப்பு எழுதுவது?

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், கண்தானம் கேட்டுப் போகிற வீடுகளில், "அடுத்த பிறவியில குருடாப் பிறந்துருவாவ" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! எரித்தாலும் புதைத்தாலும் போகப்போகிற கண்தானே அய்யா? கருவிழி பழுதாகிப் பார்வை இழந்த இரண்டு பேருக்கு அது வெளிச்சம் தரும். முற்பிறவிப் பிள்ளைகளை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம்.

உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கண்ணாடி போட்டவர்களும் கண்புரை ஆபரேஷன் செய்தவர்களும் தரலாம். வாசல் மேசையில் படிவம் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலும் சொல்லிவையுங்கள், அன்றைக்குக் கண் வங்கிக்குப் போன் போடப்போவது அவர்கள்தான்.