பாதியில விட்ட புக்க முடிச்சே ஆகணுமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்வியில ஒண்ணு மட்டும் என்னை விடவே இல்லைங்க, காலையில மும்பை பக்கம் டோம்பிவிலியில லோக்கல் வண்டி ஏறினதுலேர்ந்து மண்டைக்குள்ள அதேதான். முலுண்ட்லேர்ந்து ஒரு சிஸ்டர், பேர் சொல்ல வேண்டாம்னுட்டாங்க, கேட்டிருக்காங்க: "சார், ஒரு பெரிய நாவல் எட்டு மாசம் முன்னாடி ஆரம்பிச்சேன், 214ஆம் பக்கத்துல லைட் பில்ல வெச்சு மூடினது, அப்படியே தலகாணி பக்கத்துல கெடக்கு. வீட்டுக்காரர் வருஷத்துக்கு அம்பது புக்குன்னு கணக்கு வெச்சு முடிக்கிறாரு. எனக்கு அதப் பாத்தாலே ஏதோ தப்பு பண்ண மாதிரி இருக்கு. எடுத்தா முடிச்சே ஆகணுமா?"

வேண்டாம்மா. பதில் அவ்ளோதான், அடுத்த கேள்விக்குப் போகலாம். ஆனா போக மனசு வரல.

எங்க சித்தப்பாவோட பைண்டிங் பத்தி ரெகுலரா பாக்குறவங்களுக்குத் தெரியும், நூறு தடவை சொல்லிட்டேன், இன்னொரு தடவை சொன்னா கோச்சுக்காதீங்க. கல்கியில வர்ற தொடர்கதைய வாராவாரம் கிழிச்சு எடுத்து, அடுக்கி, கோணி ஊசியில தைச்சு, பழைய காலண்டர் அட்டைய மேல ஒட்டுவாரு. மைதா பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போடுவாரு, பூச்சி அரிக்காதாம். அந்தப் பச்சையும் நீலமுமா இருக்குற பசைய நான் வெரல்ல தொட்டேன்னு சித்தி கையத் தட்டிவிட்டது இன்னும் ஞாபகம் இருக்கு, அது விஷம். கதை ஒரு பக்கம்னா அந்தப் பக்கத்தோட முதுகுல பாதி ஜோக்கு, பாதி தலைவலித் தைல விளம்பரம். நான் கதைக்கு முன்னாடி முதுகத்தான் படிச்சேன், இதையும் எல்லா வீடியோலயும் சொல்றேன்.

அதுல பொன்னியின் செல்வன் இருந்துச்சு. சிரிக்காதீங்க, எல்லாரும் சொல்ற புக்குதான், ஆனா என் கதை வேற. அது மொதல்ல 1950லேர்ந்து 54 வரைக்கும் வந்துது, அப்புறம் கல்கியிலயே திரும்பத் திரும்ப போட்டாங்க, சித்தப்பா கிழிச்சது அப்படி ஒரு மறுபடியும் போட்ட ரவுண்டு. நாலு பாகம் நல்லா இருக்கு. அஞ்சாவது பாகம் மேல பரண்ல இருந்துது, எங்களது சால் ரூம், அதான் மும்பையில வரிசையா ஒத்த ரூமா இருக்குற பழைய குடியிருப்பு, ஜூலை மழையில கூரை ஒழுகி கடைசி பதினஞ்சு அத்தியாயம் போல பாளமா ஒட்டிக்கிச்சு. ஸ்டீல் ஸ்கேல விட்டுப் பிரிச்சுப் பாத்தேன், எழுத்து இந்தப் பக்கத்துலேர்ந்து உரிஞ்சு அந்தப் பக்கத்துல தலைகீழா ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

எனக்கு அப்ப பதிமூணு வயசு. ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில செத்துட்டான், அது வரைக்கும் படிச்சாச்சு, யார் கொன்னான்னு தெரியல. நான் என்ன நெனச்சேன், அந்த ஒட்டிப் போன பாளத்துக்குள்ள அது இருக்குன்னு நெனச்சேன். பன்னெண்டு பதிமூணு வருஷம் அப்படியே நெனச்சிட்டிருந்தேங்க! நடுவுல நானே ஒரு பத்து கொலகாரங்கள முடிவு பண்ணிட்டேன், நந்தினி, ரவிதாசன், பெரிய பழுவேட்டரையர், ஒரு பரீட்சை சமயத்துல பார்த்திபேந்திரன் மேல கூட சந்தேகம் வந்துச்சு, பாவம் அவன் என்ன பண்ணான். அப்புறம் வேலைக்குப் போயி மொத போனஸ்ல மாட்டுங்கால அஞ்சு பாகமும் வாங்கி, ராத்திரியோட ராத்திரியா கடைசி பாகத்த முடிச்சேன். கல்கி சொல்லவே இல்ல! யார் கை குத்துச்சுன்னு மனுஷன் தெளிவா சொல்லவே இல்ல. முடிவுரைன்னு ஒண்ணு எழுதி, வந்தியத்தேவன் என்ன ஆனான், இவங்க என்ன ஆனாங்கன்னு வாசகர் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்காரு, அப்பவும் இது மட்டும் மூட்டமாவே நிக்குது. மழை மேல பழியப் போட்டு இத்தன வருஷம் ஒட்டியிருக்கேன்.

விடுவேனா? காட்டுமன்னார்கோயில் பக்கத்துல உடையார்குடின்னு ஊரு, அனந்தீசுவரர் கோயில் செவுத்துல ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சி வருஷத்துக் கல்வெட்டு இருக்கு, அவரு பட்டத்துக்கு வந்ததே 985ல. அதுல சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு அண்ணன் தம்பிங்க பேரு, கரிகாலனக் கொன்ன துரோகிகள்னே வெட்டியிருக்கு, அவங்க, அவங்க சொந்தக்காரங்க நிலமெல்லாம் பறிமுதல். ஊருக்குப் போனப்ப வீட்டம்மாவ கூட்டிட்டுப் போயி நின்னேன். நான் என்னமோ மடமடன்னு படிச்சிருவேன்னு அவ பாக்குறா, எனக்கு ஒரு எழுத்து புரியல, நடுவுல கிரந்த எழுத்து வேற. கல்வெட்டு பேர சொல்லுது, ஏன் கொன்னாங்கன்னு சொல்லல. கல்கி ஏன்னு சொல்றாரு, யார் கைன்னு சொல்லல. வெயில்ல நின்னுட்டு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. புக்கு முழுசா மொதல்லயே கெடைச்சிருந்தா நான் அந்த ஊருக்குப் போயிருப்பேனான்னு கேட்டா, சத்தியமா போயிருக்க மாட்டேன்.

இன்னொண்ணு, இது நானே பாதியில விட்டது. காண்டேகர், மராத்தி எழுத்தாளர். கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்ப்புல எங்க வீட்டுப் பெரியவங்க அவ்ளோ படிச்சாங்க, நான் ரொம்ப நாளு அவரு கும்பகோணம் பக்கம்னு நெனச்சிட்டிருந்தேன், எனக்கு மட்டும் இல்ல, நெறைய பேருக்கு இந்தக் கதை உண்டு. யயாதிய எடுத்தேன், வண்டியிலதான் படிப்பு. ஃபாஸ்ட் லோக்கல் அப்பல்லாம் பார்சிக் டனல் வழியா போகும், உள்ள போனதும் டப்புனு இருட்டு, சில பெட்டியில லைட்டும் எரியாது, வெரல வரியில வெச்சுட்டு காத்துட்டிருப்பேன், வெளிய வந்தா கூட்டம் நெருக்கி வெரல் வேற பக்கத்துல இருக்கும். இப்படியே அலுத்துப் போயி பாதியில மூடிட்டேன்.

ஒரு நாள் ஜன்னல் சீட் மராத்திக்காரர், வயசானவர், அட்டைய எட்டிப் பாத்து "காய் வாச்தோய்"னாரு, என்ன படிக்கிறேன்னு. காண்டேகர், யயாதின்னேன். மனுஷன் முகத்தப் பாக்கணுமே! "ஹா தர் ஆம்சா"ன்னு தொடையில தட்டுனாரு. இவரு எங்க ஆளு, இந்த நாவலுக்குத்தான் 1974 ஞானபீடம், உங்க பாஷையில எப்படின்னு புக்க வாங்கித் தடவிப் பாத்தாரு. பாதியில விட்டுட்டேன்னு சொன்னதும் தாணேல ஆரம்பிச்சு மிச்சத்த அவரே சொல்றாரு, எனக்கு அப்ப மராத்தி முக்காவாசிதான் புரியும், யயாதி மகன் கிட்ட இளமையக் கேட்டு வாங்குற இடம் வரும்போது காட்கோபர், அவரு குரல் கம்மிடுச்சு. தாதர்ல எறங்கிட்டாரு, முடிவு சொல்லல. அதுக்கப்புறம் நான் அந்த புக்க எடுத்தேனா? எடுக்கலங்க. அவரு குரல்லயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். படிச்ச லிஸ்ட்ல இத சேக்கலாமா கூடாதான்னு உங்க வீட்டுக்காரர் கிட்ட கேட்டு சொல்லுங்க, அவருதான் கணக்குல கெட்டி.

உண்மையில நீங்க என்ன கேட்டிருக்கணும்னா, எந்த புக்க திரும்பத் திரும்ப எடுக்குறீங்கன்னு கேட்டிருக்கணும். அம்பதுன்னு எண்ணறவங்க இத எண்ண மாட்டாங்க, ரெண்டாவது தடவை படிச்சா எண்ணிக்கை ஏறாதே. நான் சித்தப்பா பைண்ட் பண்ண செட்டத்தான் இன்னமும் எடுப்பேன், கடைசி பதினஞ்சு அத்தியாயம் இல்லாததத்தான். கடையில வாங்குன முழு செட்டு பக்கத்துலயே நிக்குது, கை அங்க போகல. போன வாரம் பசங்க ஸ்கூல் கவலையில தூக்கம் வரல, ராத்திரி ரெண்டு மணிக்கு மொத பாகத்த எடுத்தேன், வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில குதிரையில வர்றான், முதுகுப் பக்கத்துல அந்தத் தைல விளம்பரம், நெத்தியப் புடிச்சிட்டு ஒரு அம்மா. அந்தம்மாவுக்கு இன்னும் தலைவலி போகல.

ஆங், சிஸ்டர். 214ஆம் பக்கத்துல அப்படியே வெச்சிருங்க, ஒண்ணும் ஆகாது. அந்த லைட் பில்ல மட்டும் வெளிய எடுத்து கடைசி தேதி என்னன்னு பாத்துருங்க, எட்டு மாசம்னு வேற சொல்றீங்க.