பந்தைப் பறித்த கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி ஆட்டக்காரர் மாரிஸ் கிளாரெட் சரிந்தது தன் தவறாலா, அமைப்பாலா? அமைப்பாலேதான்!

எதிரணித் தோழி கைதட்டல் வாங்கிய வரி என்ன? "பந்தைப் பறித்துப் பழகிய கை, வழிப்பறிக்குப் போனது." அம்மா, அந்தக் கை பந்தைப் பறித்த கதையை முழுசாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

2003 ஜனவரி 3. ஃபியஸ்டா பௌல், தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். கிளாரெட்டின் அணி ஒஹாயோ ஸ்டேட் 14, எதிரணி மயாமி 7. ஒஹாயோ எறிந்த பந்தை மயாமியின் ஷான் டெய்லர் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். கிளாரெட் ரன்னிங் பேக். பந்தோடு ஓடுவதுதான் அவர் வேலை, பந்து வைத்திருப்பவரைத் துரத்துவதல்ல. துரத்தினார்! எட்டிப் பிடித்தார். பிடித்து ஆளைச் சாய்த்ததோடு விட்டாரா? டெய்லரின் கையிலிருந்து பந்தையே உருவிக்கொண்டார், அய்யா! அதில் கிடைத்தது ஃபீல்ட் கோல், 3 புள்ளி. நேரம் முடிந்தபோது 17-17. கணக்குப் போடுங்கள். அந்த 3 இல்லாவிட்டால் கூடுதல் நேரம் ஏது? பட்டம் ஏது? இரண்டாம் கூடுதல் நேரத்தில் 5 கெஜம் ஓடி, பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வெற்றிக்கான டச் டவுன் போட்டதும் அதே பிள்ளை. 31-24. வயது 19. அந்தக் கைக்கு அன்றைய கல்லூரி விதிப்படி சம்பளம் ஒரு காசு கிடையாது!

விதிமீறிய சலுகை பெற்றார், விசாரணையில் பொய் சொன்னார் என்று அடுத்த சீசன் முழுக்க இடைநீக்கம். சரி, சம்பளம் தரும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்? பள்ளி முடித்து 3 சீசன் கடக்க வேண்டுமாம். 2004 பிப்ரவரியில் ஒரு நீதிமன்றம் கதவைத் திறந்தது, மே மாதம் மேல்முறையீட்டில் மூடியது. அங்கேயும் ஆட முடியாது, இங்கேயும் ஆட முடியாது. இரண்டு சீசன் ஓடாத கால் என்னவாகும்? 2005 தேர்வு முகாமில் 40 கெஜத்துக்கு 4.72, 4.82 விநாடி. நல்ல ரன்னிங் பேக் 4.5 பக்கம் ஓடுவார். டென்வர் அணி 101ஆவது ஆளாக எடுத்து, ஆகஸ்டிலேயே அனுப்பிவிட்டது.

2006 புத்தாண்டில் வழிப்பறி, ஆகஸ்டில் துப்பாக்கிகளோடு கைது, ஏழரை ஆண்டுத் தண்டனை. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார், நானும் மறைக்கவில்லை.

ஆனால் அவையோரே, அந்த ஃபியஸ்டா பௌலுக்கு முன்னால் சொந்த ஊரான யங்ஸ்டவுனில் அவர் நண்பன் இறந்து கிடந்தான். அடக்கத்துக்குப் போக வேண்டும் என்று கேட்ட பிள்ளை போக முடியவில்லை. அந்தத் துக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் டெய்லரைத் துரத்தினார்.

மூன்றரை ஆண்டு சிறையிலிருந்து 2010இல் வெளியே வந்தவர், 2016இல் அதே யங்ஸ்டவுனில் மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் 'ரெட் சோன்' அமைப்பைத் தொடங்கினார். தன் ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கிவிட நீண்டது அதே கைதான். தோழி, உங்கள் கட்சியை விட வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பெறுங்கள், அம்மா.