குளுக்கோஸ் வந்ததும் ஈஸ்ட் செய்யும் வேலை
(சுங்கை சிப்புட்டில் ஆலய மண்டபமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதப் போகும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

கள்ளிலிருந்து தொடங்குகிறேன். கோயில் மண்டபத்தில் கள் பேச்சா என்று தலைவர் பார்க்கிறார். குடிக்கச் சொல்லவில்லை ஐயா! பாளை சீவி இறக்கிய தென்னஞ்சாறு காலையில் இனிக்கிறது, மத்தியானத்துக்குள் நுரைத்துப் பொங்குகிறது. ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சை செய்யும் வேலை அது. சர்க்கரை நிறைய இருந்தால், காற்று தாராளமாகக் கிடைத்தாலும் ஈஸ்ட் அதை முழுக்க எரிக்காது. சாராயமாக்கி வெளியே விட்டுவிடும். சர்க்கரை தீர்ந்த பிறகு, ஆக்சிஜன் இருந்தால், தான் விட்ட சாராயத்தையே எடுத்துத் தின்னும்.

சாராயத்தில் வாழும் காலத்தில் செல் சுவருக்கு வேண்டிய சர்க்கரையை அதுவே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கான நொதிகளில், அதாவது வேதிவினையை ஓட்டும் புரதங்களில், ஒன்று ஃபிரக்டோஸ் பிஸ்பாஸ்படேஸ். வாய் வலிக்கிறது, எஃப்.பி.பி. என்போம். சர்க்கரையை உடைக்கும் பாதையில் வேறொரு நொதி, செல்லின் ஆற்றல் காசான ஏ.டி.பி.யைச் செலவழித்து, சர்க்கரையில் பாஸ்பேட் என்ற சிறு துண்டை ஒட்டுகிறது. எஃப்.பி.பி. அதையே பிய்த்தெடுக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஏ.டி.பி. கரையும், பலன் பூஜ்யம்.

சரி, இந்த ஈஸ்ட் மேல் திடீரென்று குளுக்கோஸை ஊற்றினால்? சர்க்கரை கட்டும் எஃப்.பி.பி. இனி நிற்க வேண்டும். அதைச் செய்யும் மரபணுவை அணைத்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே செய்த நொதி உள்ளே இருக்கிறதே. ரப்பர் தோட்டத்துப் பெரட்டை, அந்தக் காலை ஆள் கணக்கெடுப்பை, நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் பால் வெட்டு நிற்கும். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், வந்த ஆட்களையே வேறு வேலைக்குத் திருப்புவார். செல்லும் இருக்கும் புரதத்திலேயே கை வைக்கிறது. புரதத்தின் செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஏறுகிறது, சில நிமிடங்களில் எஃப்.பி.பி.யின் வேகம் படுத்துவிடுகிறது. அப்புறம் ஜிட் என்ற புரதக் கூட்டம் வருகிறது. நொதியின் தலைமாட்டில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருப்பதைப் பார்த்துப் பிடித்து, 76 அமினோ அமிலமே கொண்ட யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை அதில் கோக்கிறது. யுபிக்விட்டின் ஏறிய நொதியை, செல்லின் புரதம் அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் அரைத்துவிடும். பாஸ்பேட்டைக் கழற்றலாம்; அரைத்ததைத் திரும்பப் பெற முடியாது. முதலில் நிறுத்து, பிறகு ஒழி என்ற இந்த வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நொதியில் பாஸ்பேட் ஏற்றி வேலையை மாற்றும் இந்த வித்தையை 1955-இல் ஃபிஷரும் கிரெப்ஸும் தசையில் கண்டார்கள். 1992-இல் நோபல் கிடைத்தது. யுபிக்விட்டினுக்கு 2004-இல்.

குளுக்கோஸ் குறைந்தால் கதை திரும்புகிறது. எஸ்.என்.எஃப்.1 என்ற நொதி, தன் மேல் பாஸ்பேட் ஏறியதும் விழித்து, மிக்1 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றுகிறது. மிக்1 உட்கருவை விட்டு வெளியேறுகிறது. அது பூட்டி வைத்திருந்த மரபணுக்கள் திறக்கின்றன. எஸ்.என்.எஃப்.1-இன் உறவினர் ஏ.எம்.பி.கே. என்ற பெயரில் நம் உடம்பிலும் இருக்கிறது. இங்கே பல வீடுகளில் இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை, அதையும் தூண்டிவிடுகிறது.