பாதி கேட்டார்கள், கொடுக்கவில்லை

வணக்கம் நேயர்களே. என்னைக் கூப்பிட்டபோது நிலையத்தார் சொன்னது, "உங்களுக்குப் பிடித்த ஒரு பாடகரைப் பற்றிப் பேசுங்கள்" என்றுதான். நான் பேசப்போவது அமெரிக்காவின் கன்ட்ரி இசை, அதாவது அந்த ஊர்க் கிராமிய இசை, பாடும் பாடகி டாலி பார்ட்டனைப் பற்றி. ஆனால் அவருடைய குரலைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அவர் பாட்டு எழுதுகிறவர். எழுதிய பாட்டை விட்டுக்கொடுக்காதவர். அந்த இரண்டைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

காரணம் இருக்கிறது. நானும் பாட்டு எழுதுகிறவள். 1991-இல் அம்மன் கொடைக்காகப் பத்துப் பாட்டு எழுதி ஒரு கேசட் கம்பெனிக்குக் கொடுத்தேன். ஒரு பாட்டுக்கு 150 ரூபாய். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், நானும் என்ன ஏது என்று படிக்காமல் போட்டுவிட்டேன். மறுவருஷம் எங்கள் ஊர்க் கொடையிலேயே, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் என் பாட்டு ஓடுகிறது. ஓடிப் போய் மைக்செட்காரரிடம் கேசட் உறையை வாங்கிப் பார்த்தேன். பாடியவர் பெயர் இருக்கிறது, இசை அமைத்தவர் பெயர் இருக்கிறது, விற்பனை உரிமை இருக்கிறது. என் பெயர் இல்லை. என் அம்மா பக்கத்தில் நின்று, "எங்கேம்மா உன் பேரு?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கேசட் கைக்கு வந்தாலும் உறையைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் 'எழுதியவர்' என்று பொடி எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். 1993 வாக்கில், விட்னி ஹூஸ்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' எங்கே போனாலும் கேட்கும். உங்களில் பலருக்கும் ஞாபகம் இருக்கும், இங்கிலீஷ் பாட்டே கேட்காதவர்களுக்கும் அந்த உச்சஸ்தாயி தெரியும். அமெரிக்காவில் அது 14 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அந்தக் கேசட்டின் தாளைப் பிரித்துப் பார்த்தேன். எழுதியவர், டாலி பார்ட்டன். யார் இவர் என்று தேடத் தொடங்கியது அங்கேதான்.

டாலி 1946-இல் டென்னசி மலைப்பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்க அப்பாவிடம் காசில்லை, ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தார். அம்மா கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டு மகளுக்கு ஒரு கோட் தைத்தார். தைக்கும்போதே பைபிளில் வரும் யோசேப்பின் பலவர்ண அங்கிக் கதையைச் சொல்லிக்கொண்டே தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அவமானம்தான் பிறகு பாட்டானது. எழுதியது எங்கே தெரியுமா? 1969-இல், கச்சேரிக்குப் போகும் பஸ்ஸில். எழுதக் கையில் தாள் இல்லை. கூடப் பயணம் செய்த பாடகர் போர்ட்டர் வாகனர் சலவைக்குப் போட்டிருந்த கோட்டின் ரசீது கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாட்டு வருகிற நேரத்தில் தாள் இருக்காது. எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். நான் பால் கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறேன், கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். கிடைத்த தாளில் எழுதிவிட வேண்டும், நல்ல தாளுக்குக் காத்திருந்தால் பாட்டு போய்விடும்.

இன்னொன்று. 1980-இல் வந்த 'நைன் டு ஃபைவ்' என்ற பாட்டு, ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியது. அதே பெயரில் வந்த படத்தில் டாலி நடித்தார். படப்பிடிப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தன் நீள நகங்களை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். டைப்ரைட்டர் சத்தம் மாதிரி இருந்தது. இதோ, என் நகம் அவ்வளவு நீளம் இல்லை, இந்த மேஜையில் தட்டுகிறேன். டக்கு டக்கு டக்கு டக்கு. கேட்கிறதா? அந்தத் தாளத்தின் மேல் பாட்டைக் கட்டினார். ஒலிப்பதிவிலும் அந்த நகச் சத்தத்தையே சேர்த்துக்கொண்டார்.

சரி, இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். 1967-இல் போர்ட்டர் வாகனரின் டிவி நிகழ்ச்சியில் டாலி சேர்ந்தார். வாகனர் அப்போதே பெரிய நட்சத்திரம். நாடு முழுக்க டாலியின் முகம் தெரிந்தது அந்த நிகழ்ச்சியால்தான். ஏழு வருஷம் போனது. டாலி தனியாகப் போக வேண்டும் என்கிறார், வாகனர் விடமாட்டேன் என்கிறார். வாக்குவாதம், வருத்தம். எவ்வளவு பேசியும் காதில் விழவில்லை என்றதும், டாலி ஒரு ராத்திரி உட்கார்ந்து பாட்டு எழுதினார். மறுநாள் காலை வாகனரின் அலுவலகத்துக்குப் போய், உட்காருங்கள் என்று சொல்லி, எதிரில் நின்று பாடினார். அதுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. நம்மில் பலர் காதல் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பது, வேலையை விட்டுப் போகிற ஒரு பெண் தன் முதலாளியிடம் சொன்ன விடை! வாகனர் அழுதுவிட்டார். நீ எழுதியதிலேயே இதுதான் சிறந்தது, போய்க்கொள், ஆனால் இந்தப் பாட்டை ரெக்கார்டாகத் தயாரிப்பது நான்தான் என்றார். 1974-இல் கன்ட்ரி வரிசையில் முதலிடம்.

அப்புறம் அன்றைய உச்ச நட்சத்திரப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போனது. நேயர்களே, எல்விஸ்! அவர் ஒரு பாட்டைப் பாடுகிறார் என்றால் எழுதியவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? டாலி ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் பேசினார். ஒரு நிபந்தனை: பாட்டின் பதிப்புரிமையில் பாதி எங்களுக்கு வேண்டும். எல்விஸ் பாடும் பாட்டுகளுக்கு அதுதான் வழக்கம்.

பதிப்புரிமை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பாட்டு சம்பாதிக்கும் பணத்தை அங்கே இரண்டு பங்காகப் பார்க்கிறார்கள். ஒன்று எழுதியவருக்கு, இன்னொன்று அதைப் பதிப்பித்த நிறுவனத்துக்கு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு ரெக்கார்டு விற்றால் ஒரு பாட்டுக்கு 2 சென்ட்தான். 1909-இல் வைத்த விலை, 1977 முடியும்வரை மாறவில்லை. சில்லறைக் காசு. ஆனால் யார் பாடினாலும், எத்தனை வருஷம் கழித்துப் பாடினாலும் அந்தச் சில்லறை வந்துகொண்டே இருக்கும். இன்னொரு சங்கதி, நாம் வானொலியில் இருப்பதால் சொல்கிறேன். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஓடினால் இன்றைக்கும் பணம் எழுதியவர் பக்கத்துக்குத்தான், பாடியவருக்கு இல்லை. ஆக, பாடுகிற தொண்டையைவிட எழுதிய தாளுக்கு ஆயுள் அதிகம்.

டாலிக்கு இதெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். 1966-இலேயே தாய்மாமன் பில் ஓவன்ஸுடன் சேர்ந்து சொந்தமாகப் பதிப்பு நிறுவனம் தொடங்கியவர். அப்போது அவருக்கு இருபது வயது! அதனால் பார்க்கர் பாதி கேட்டதும், முடியாது என்றார். ராத்திரி முழுக்க அழுதேன் என்று பிறகு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எல்விஸ் அந்தப் பாட்டை ரெக்கார்டு செய்யவே இல்லை.

அழுதார், ஆனால் கொடுக்கவில்லை. இதை நான் இரண்டு தடவை சொல்வேன். அழுதார், ஆனால் கொடுக்கவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து விட்னி பாடினார். கார் ஓட்டிக்கொண்டு போகும்போது ரேடியோவில் அதைக் கேட்ட டாலி, ஓட்ட முடியாமல் வண்டியை ஓரம் கட்டினாராம்.

எல்லாருக்கும் இந்தத் தெளிவு இருந்ததில்லை. இன்னொரு கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் இளைஞராக, கையில் காசில்லாமல் இருந்தபோது ஒரு பாட்டை 50 டாலருக்கு விற்றார். 1960-இல் அது ஹிட் ஆனது. ரெக்கார்டில் வில்லி பெயர் இல்லை. எனக்கு எங்கள் ஊர்க் கொடை ஞாபகம் வருகிறது. அடுத்து 'ஹலோ வால்ஸ்' என்ற பாட்டை, பாடகர் ஃபேரன் யங்கிடம் 500 டாலருக்கு விற்கப் போனார். யங் நல்ல மனிதர். விற்காதே, பணம் வேண்டுமானால் கடனாக வாங்கிக்கொள் என்று 500 டாலர் கொடுத்தார். 1961-இல் அந்தப் பாட்டு முதலிடத்துக்குப் போனது. வில்லி பிழைத்தார். எனக்கும் அன்று அப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "கையெழுத்துப் போடாதேம்மா, இரும்மா" என்று சொல்லியிருக்கலாம்.

கன்ட்ரி இசை வளரத் தொடங்கிய காலத்திலேயே இந்தக் கணக்கு உண்டு. 1927-இல் ரால்ஃப் பியர் என்பவர், டென்னசியும் வர்ஜீனியாவும் சந்திக்கும் பிரிஸ்டல் ஊரில் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். பிறகு பெரும் புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பம், ஜிம்மி ராட்ஜர்ஸ் எல்லாம் முதன்முதலாக ரெக்கார்டுக்குப் பாடியது அங்கேதான். பாட்டுக்கு 50 டாலர், கூடவே சிறு பங்கு. பியர் தன் கம்பெனியிடம் சம்பளமே வாங்கவில்லை, பாட்டுகளின் பதிப்புரிமை மட்டும் போதும் என்றார். கெட்டிக்காரர்.

நம் நாட்டிலும் 2012-இல் சட்டம் திருத்தினார்கள். பாட்டு எழுதியவர், இசை அமைத்தவர் இருவருடைய ராயல்டி உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்று ஆனது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளம் பாடலாசிரியர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து, கையெழுத்துப் போடும் முன் தாளைப் படியுங்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் படியுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிஷம்தான். டாலி மெட்டு போடும் விதத்தைப் பற்றிப் பேச வைத்திருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று. அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காக 1995-இல் டாலி, சொந்த மாவட்டத்துக் குழந்தைகளுக்கு ஐந்து வயதுவரை மாதம் ஒரு புத்தகம் இலவசமாகத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். இப்போது பல நாடுகளில், 20 கோடிக்கு மேல் புத்தகங்கள். பிள்ளைகள் அவரைப் புத்தகக்காரம்மா என்று கூப்பிடுவது அந்த அப்பாவுக்குப் பெருமையாக இருந்ததாம். 2000-இல் அப்பா இறந்தார்.

அடுத்து ஒரு பாட்டு ஒலிபரப்புவார்கள். எழுதியவர் பெயரை முதலில் சொல்லிவிட்டுப் போடும்படி அறிவிப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். வணக்கம்.